இன்ஜினின் மூக்கில் அடைபட்ட துளை: ஏர் ஃபுளோரிடா 90 விபத்து

1982 ஜனவரி 13, புதன்கிழமை. வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கிளம்பிய ஏர் ஃபுளோரிடா 90 என்ற போயிங் 737-200, தரையை விட்டு எழுந்த அரை நிமிடத்துக்குள் 14-ஆவது தெருப் பாலத்தில் மோதி, பனிக்கட்டி மூடிக் கிடந்த போடோமாக் ஆற்றில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 79 பேர். பிழைத்தவர்கள் ஐந்தே பேர். பாலத்தின்மேல் வண்டிகளில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். மொத்தம் 78 உயிர்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் படிக்கிற யாரையும் உலுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களிலும் கோளாறு இல்லை. நின்றுபோகவில்லை, தீப்பிடிக்கவில்லை, பறவை எதுவும் உள்ளே போகவில்லை. பைலட்டின் கைக்கு அடியில் இருந்த த்ரஸ்ட் லீவரை இன்னும் முன்னால் தள்ளியிருந்தால் கூடுதல் உந்துவிசை கிடைத்திருக்கும். ஆனால் ‘முழு டேக்ஆஃப் சக்தி வந்துவிட்டது’ என்று மீட்டர் சொன்னது. அவர்கள் அதை நம்பினார்கள்.

விமானத்தில் இருக்கும் உறைபனித் தடுப்பு அமைப்பு இன்ஜினையும் இறக்கையையும் காப்பாற்றத்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். மீட்டர்கள் உண்மை பேசுவதற்கும் அதுதான் காவல். இந்த வழக்கை ஒட்டி நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

உறைபனி எங்கே பிடிக்கும், எப்படித் தடுக்கிறார்கள்

மேகத்தில் இருக்கும் நீர்த்துளிகள் பூஜ்ஜியம் டிகிரி வந்ததும் உறைந்துவிடும் என்பதில்லை. உறைவதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். தூய்மையான சிறு துளிகள் மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரியில்கூட நீராகவே மிதந்துகொண்டிருக்கும். விமானத்தின் ஒரு பகுதி வந்து மோதினால் போதும், அங்கேயே உறையத் தொடங்கிவிடும்.

மோதுவது எங்கே அதிகம்? காற்றை முதலில் சந்திக்கும் முன்விளிம்புகளில். அதிலும் மெல்லிய பொருள்களில்தான் அதிகம். தடித்த இறக்கையை நெருங்கும் காற்று முன்கூட்டியே விலகிப் போவதால், சிறு துளிகளில் பலவும் காற்றோடு சேர்ந்து விலகிவிடும். ஆன்டெனா, அளவிடும் குழாய் போன்ற மெல்லியவற்றுக்கு முன்னால் காற்று அவ்வளவு விலகுவதில்லை, துளிகள் நேராகப் போய் இடிக்கும். அதனால் இறக்கையில் ஒன்றும் தெரியாத நேரத்திலேயே ஒரு சிறு குழாயின் வாய் அடைபட்டிருக்கலாம்.

ஜெட் இன்ஜினுக்கு இன்னொரு சிக்கல். தரையில் நிற்கும் விமானத்தின் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, நுழைவாயிலில் அழுத்தம் குறைகிறது, கூடவே வெப்பமும் குறைகிறது. வெளியே பூஜ்ஜியத்துக்கு மேல் சில டிகிரி இருந்தாலும் உள்ளே உறையலாம். பெரும்பாலான ஜெட் விமானங்களின் கையேட்டில் இருக்கும் விதி இதனால்தான்: வெப்பம் 10 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்து, கண்ணுக்குத் தெரியும் ஈரமும் (மழை, பனி, மூடுபனி எதுவானாலும்) இருந்தால், இன்ஜின் ஆன்டி-ஐஸ் ஆன் செய்ய வேண்டும். 10 டிகிரியில் ஐஸா என்று கேட்கத் தோன்றும். காரணம் இந்த உறிஞ்சல்தான்.

தடுக்கும் வழி பெரிய ஜெட்களில் பெரும்பாலும் ஒன்றே: சூடான காற்று. இன்ஜினின் கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போதே அது கடுமையாகச் சூடாகிறது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அதில் ஒரு பங்கைக் குழாய் வழியாகப் பிரித்தெடுத்து, இன்ஜின் வாயின் உதட்டுக்குள் சுற்றவிடுகிறார்கள். 737-200-இல் இருந்த ப்ராட் அண்ட் விட்னி ஜேடி8டி போன்ற பழைய இன்ஜின்களில், நுழைவாயிலில் அசையாமல் நிற்கும் வழிகாட்டித் தகடுகளுக்கும் நடுவில் இருக்கும் மூக்குக் கூம்புக்கும் இதே காற்று போகும். இறக்கையில் முன்விளிம்பின் உட்புறம் துளைகள் உள்ள ஒரு குழாய் ஓடும். அதிலிருந்து பீறிடும் சூடான காற்று விளிம்பின் தகட்டைச் சுடவைக்கும்.

இதற்கு விலை உண்டு. எடுத்த காற்று அளவுக்கு உந்துவிசை குறையும், எரிபொருள் கூடும். அதனால் எந்நேரமும் போட்டு வைப்பதில்லை, தேவைப்படும்போது ஸ்விட்சைப் போடுகிறார்கள். இறக்கை முழுவதையும் சுடவைப்பதும் இல்லை. ஏர்பஸ் ஏ320-இல் வெளிப்பக்கத்து ஸ்லாட்கள் (முன்விளிம்பில் முன்னால் நீளும் தகடுகள்) மட்டும், 737-இல் உட்பக்கத்து ஸ்லாட்கள் மட்டும். பல பெரிய ஜெட்களில் வாலுக்குச் சூடே கிடையாது. எந்தப் பகுதி எவ்வளவு ஐஸைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்து வைத்த கணக்கு அது. போயிங் 787 இறக்கைக்குச் சூடான காற்றை விட்டுவிட்டு மின்சார வெப்பப் பட்டைகளுக்கு மாறியது. அதிலும் இன்ஜின் வாயின் உதட்டுக்கு இன்றும் கம்ப்ரஸர் காற்றுதான்.

டர்போப்ராப் விமானங்களில் இவ்வளவு சூடான காற்று மிச்சமில்லாததால், முன்விளிம்பில் ரப்பர் உறை ஒட்டி, ஐஸ் படிந்ததும் ஊதிப் பெருக்கி உடைத்துத் தள்ளுவார்கள். அந்த உறை முடியும் இடத்துக்குப் பின்னால் ஐஸ் பிடித்தால் அது ஒன்றும் செய்யாது. 1994 அக்டோபர் 31 அன்று இந்தியானாவின் ரோஸ்லானில் ஒரு ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் இறந்தது அப்படித்தான். பெரிய துளிகள் உறைக்குப் பின்னால் ஓடிப்போய் உறைந்து மேடு கட்டின.

பிட்டோ குழாய், அதாவது வேகம் அளக்கும் குழாய், தனி. அதற்கு மின்சாரச் சூடு, தனி ஸ்விட்ச். நம் வழக்கில் இந்த வேறுபாடு முக்கியம்.

49 நிமிடங்கள்

அன்று வாஷிங்டனில் வெப்பம் மைனஸ் 4 டிகிரி செல்சியஸ். விடாமல் பனி பெய்தது. ஓடுபாதையைச் சுத்தம் செய்வதற்காக விமான நிலையத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடியிருந்தார்கள். பிற்பகல் 2.15-க்குக் கிளம்ப வேண்டிய விமானம் காத்துக் கிடந்தது.

கேட்டில் இருந்தபோது டி-ஐசிங் நடந்தது. சூடான நீரும் கிளைகாலும் கலந்த திரவத்தை விமானத்தின்மேல் பீய்ச்சி அடிப்பார்கள். விமானத்தின் இடப்பக்கத்துக்கு ஒரு விகிதக் கலவை, வலப்பக்கத்துக்கு வேறு முறை. திரவம் அடித்த வண்டியின் குழல்முனை அசல் அல்ல, மாற்றிப் போட்டது. அதனால் கலவையின் செறிவு ஓட்டுபவர் வைத்த அளவில் வெளியே வரவில்லை என்பதைப் பிறகு விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சோதித்துக் கண்டது. அந்த நேரத்தில் இன்ஜின் வாய்க்கும் பிட்டோ குழாய்க்கும் மூடி போடவும் இல்லை. எல்லாம் சுமார் 3.10-க்கு முடிந்தது. அந்த நிமிடத்தோடு திரவம் கொடுத்த பாதுகாப்பும் கரையத் தொடங்கிவிட்டது.

விமானத்தைப் பின்னால் தள்ள வந்த டக் வண்டி, பனியும் கிளைகாலும் கலந்த தரையில் வழுக்கியது. அப்போது பைலட்டுகள் இன்ஜின்களின் ரிவர்ஸ் த்ரஸ்டைப் போட்டுப் பின்னால் நகரப் பார்த்தார்கள். தரை ஊழியர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. விமானம் நகரவில்லை. ஆனால் சுற்றிலும் இருந்த பனியும் சேறும் கிளம்பிப் பறந்தது. ரிவர்ஸ் த்ரஸ்ட் காற்றை முன்னோக்கி வீசும். அது கிளப்பிய ஈரம் இறக்கை விளிம்பிலும் இன்ஜின் வாயிலும் படிய வாய்ப்பு அதிகம். கடைசியில் சங்கிலி மாட்டிய வேறு டக் வந்து 3.35-க்குத் தள்ளிவிட்டது.

இன்ஜின் கிளப்பியதும் படிக்கும் செக்லிஸ்ட்டில் ஒரு வரி: பிட்டோ ஹீட். பதில்: ஆன். அடுத்து: ஆன்டி-ஐஸ். பதில்: ஆஃப். விமானி அறையின் குரல் பதிவில் இது இருக்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது.

இது சோம்பலால் வந்த பதில் என்று எனக்குத் தோன்றவில்லை. மியாமியை மையமாக வைத்து ஓடிய விமான நிறுவனம் அது. வெயில் ஊர்களில் ஆயிரம் முறை படித்த செக்லிஸ்ட். அந்த வரிக்கு நாக்கு பழகிய பதில் ‘ஆஃப்’. கேப்டனுக்கு மொத்தம் 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் உண்டு. ஆனால் 737-இல் பனி, உறைபனிச் சூழலில் அவர் செய்த டேக்ஆஃப், லேண்டிங் எல்லாம் சேர்த்து எட்டு. துணை பைலட்டுக்கு இரண்டு. கண்ணால் ஸ்விட்சைப் பார்த்துப் பதில் சொல்வதற்கும் பழக்கத்தால் பதில் சொல்வதற்கும் உள்ள தூரம் இப்படிப்பட்ட ஒரு நாளில்தான் வெளியே தெரியும்.

ஓடுபாதைக்கு வரிசையில் நகரும்போது முன்னால் ஒரு டிசி-9 விமானம். அதன் இன்ஜின் புகையின் சூட்டில் தங்கள் இறக்கையின் பனி உருகும் என்று நெருங்கிப் போனார்கள். போயிங்கின் அறிவுரை இதற்கு நேர்மாறானது. முன்விமானத்தின் சூடு பனியை உருக்கும், உருகிய நீர் பின்னால் வழிந்து மறுபடியும் உறையும். தூள்பனியாக இருந்தால் ஓட்டத்தில் பறந்துபோயிருக்கக்கூடும். உருகி உறைந்தது ஒட்டிக்கொள்ளும்.

இடையில் இறக்கையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை படிந்திருக்கிறது என்ற பேச்சு பதிவில் உண்டு. டி-ஐசிங் எல்லாம் தோற்கும் போராட்டம், பாதுகாப்பாக இருப்பதுபோல ஒரு பொய்யான உணர்வைத்தான் தரும் என்று துணை பைலட் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அதிலிருந்து திரும்பிப் போய் இன்னொரு முறை டி-ஐசிங் கேட்கலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. வந்திருந்தால் வரிசையை இழந்து மறுபடியும் தாமதம். ஏற்கெனவே ஒன்றே முக்கால் மணி நேரம் போயிருந்தது.

இன்னொரு தடயமும் அங்கேயே கிடைத்தது. இடது, வலது இன்ஜின் அளவுகளில் வித்தியாசம் இருப்பதைத் துணை பைலட் கவனித்தார். முன்னால் இருக்கும் விமானத்தின் சூடான காற்று ஒன்றுக்குள் போகிறது போல என்று அவரே ஒரு விளக்கமும் சொன்னார், அதோடு விட்டுவிட்டார்கள். பின்னர் நடந்ததை வைத்துப் பார்த்தால், அளவிடும் குழாய்களில் ஐஸ் வேலையைத் தொடங்கியிருந்ததற்கு அதுவே முதல் அறிகுறியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விளக்கம் கிடைத்துவிட்ட சந்தேகத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பது மனிதர்களுக்குக் கடினம்.

2.04 என்று காட்டிய 1.70

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்கின் மையம் இதுதான்.

ஜேடி8டி இன்ஜின் எவ்வளவு உந்துவிசை தருகிறது என்பதை நேரடியாக அளக்க முடியாது. ஒரு விகிதத்தை வைத்துக் கணிக்கிறார்கள். இன்ஜினின் பின்பக்கம் டர்பைனைத் தாண்டி வெளியேறும் வாயுவின் அழுத்தத்தை, முன்பக்கம் உள்ளே நுழையும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் வருவது இபிஆர் என்ற எண். அன்றைய வெப்பம், உயரம் எல்லாம் பார்த்து டேக்ஆஃப் இபிஆர் 2.04 என்று கணக்கிட்டு வைத்திருந்தார்கள். மீட்டர் 2.04 காட்டும் வரை லீவரைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முன்பக்க அழுத்தத்தை அளக்கும் சிறு குழாய் இன்ஜின் வாயில், நடுவிலுள்ள மூக்குக் கூம்பில் இருக்கிறது. மெல்லிய பொருளில் ஐஸ் சீக்கிரம் பிடிக்கும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். அந்தக் குழாயின் வாய் அடைபட்டால், மோதும் காற்றின் முழு அழுத்தம் உள்ளே எட்டாது. குழாய்க்குள் அதைவிடக் குறைந்த அழுத்தமே நிற்கும். வகுக்கும் எண் சிறியதானால் விகிதம் பெரிதாகும். இன்ஜின் கூடுதல் சக்தி தராமலேயே மீட்டர் மேலே ஏறும்.

அன்று இரண்டு மீட்டரும் 2.04 காட்டின. உண்மையில் இன்ஜின்கள் இருந்தது 1.70 அளவில். உந்துவிசைக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு இன்ஜினும் 14,500 பவுண்டு தர வேண்டிய இடத்தில் 10,750 பவுண்டுதான் தந்தது. நான்கில் ஒரு பங்கு காணோம்.

குரல் பதிவில் கேட்கும் இன்ஜின் ஒலியின் அதிர்வெண்ணை ஆராய்ந்து, சுழற்சி வேகத்தைக் கணக்கிட்டு, இன்ஜின்கள் முழு வேகத்தில் சுழலவில்லை என்று வாரியம் நிரூபித்தது. விசாரணையில் எனக்கு மிகவும் மதிப்பு ஏற்படுத்திய பகுதி அது. மீட்டர் ஏமாற்றிய இடத்தில் ஒலி உண்மையைச் சொன்னது.

ஒரு மீட்டர் தவறாகக் காட்டியிருந்தால் மற்றது காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே இரண்டு குழாயும் ஒரே பனியில், ஒரே நேரம், ஒரே மாதிரி நனைந்து உறைந்தவை. இரண்டு ஸ்விட்சும் ஆஃப். ஆகவே இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லின. ஒன்றுக்கொன்று சாட்சியாகத் தெரிந்தவை ஒரே காரணத்தால் கெட்டுப்போனவை. பாதுகாப்புக்காக இரட்டையாக வைக்கும் எந்த அமைப்பிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுக்கும் காரணம் எதுவும் இருக்கிறதா?

உண்மை சொல்லக்கூடிய மீட்டர்கள் அதே பலகையில் இருந்தன. சுழற்சி வேகம் காட்டும் என்1, என்2, வெளியேறும் வாயுவின் வெப்பம், எரிபொருள் ஓட்டம். இவை எதற்கும் அந்த மூக்குக் குழாயோடு சம்பந்தமில்லை. எல்லாமே வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் காட்டியிருக்கும். லீவரும் வழக்கத்தைவிடப் பின்னால் நின்றது.

துணை பைலட்தான் ஓட்டினார். ஓட்டம் தொடங்கிய சில வினாடிகளில் இது சரியாகத் தெரியவில்லையே என்றார். திரும்பவும், இது சரியில்லை என்றார். சரிதான், இதோ எண்பது என்றார் கேப்டன். எண்பது என்பது வேகம், 80 நாட். பிட்டோ ஹீட் ஆனில் இருந்ததால் வேகமானி உண்மையைத்தான் காட்டியது. இன்ஜினைப் பற்றி எழுந்த சந்தேகத்துக்கு வேகத்தை வைத்துப் பதில் சொல்லிவிட்டார். விமானம் அந்த வேகத்தை எத்தனை வினாடியில் எட்டியது என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது, அதை யாரும் அளக்கவில்லை. இல்லை, சரியென்று தோன்றவில்லை என்ற துணை பைலட், அடுத்த மூச்சிலேயே, இருக்கலாமோ என்னவோ என்று தணிந்தார். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குறைந்த லீவரிலேயே இபிஆர் ஏறும் என்பது பொதுவாக உண்மையும்கூட. அந்த அரைகுறை விளக்கம் அவர்களை ஓட வைத்தது.

அதே ஓடுபாதையில் பின்னாலேயே இன்னொரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது, தாமதிக்காமல் கிளம்பச் சொல்லியிருந்தது டவர். நிறுத்தலாமா என்று யோசிக்க அது எவ்வளவு இடம் விட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனாலும் முதல் சந்தேகம் எழுந்தபோது நிறுத்தப் போதிய ஓடுபாதை இருந்தது. இறுதி அறிக்கையும் இதைத்தான் கேப்டனின் பிழையாக வைத்தது.

சாதாரணமாக 30 வினாடி ஆக வேண்டிய ஓட்டம் 45 வினாடி ஆனது. கிட்டத்தட்ட 2,000 அடி கூடுதலாக ஓடிய பிறகுதான் சக்கரம் தரையை விட்டது.

இறக்கை

எழுந்த உடனே ஸ்டிக் ஷேக்கர் அடித்தது. ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்குகிறது என்று கட்டுப்பாட்டுத் தண்டை உதறி எச்சரிக்கும் கருவி அது.

இறக்கையின் மேல்பரப்பில் காற்று ஒட்டி ஓட வேண்டும். உப்புத்தாள் போலச் சொரசொரப்பான ஐஸ் மெல்லிசாகப் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்பது விமானத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. எடையால் வரும் பிரச்சினை அல்ல இது. ஐஸின் எடை அற்பம். காற்று பரப்பை விட்டுப் பிரியும் கோணம் சீக்கிரமே வந்துவிடுவதுதான் ஆபத்து. ஸ்டிக் ஷேக்கரும் சுத்தமான இறக்கைக்காக அளவு வைக்கப்பட்டது. அசுத்தமான இறக்கை அது எச்சரிப்பதற்கு முன்பே ஸ்டால் ஆகலாம்.

737-க்கு இதில் தனியாக ஒரு குணம் இருந்தது. முன்விளிம்பில் ஐஸ் இருந்தால், எழும்பும்போது மூக்கு தானாகவே மேலே தூக்கிக்கொள்ளும், சில சமயம் ஒரு பக்கம் சாயவும் செய்யும். இந்த விபத்துக்கு முன்பே இது தெரிந்திருந்தது, போயிங் எச்சரிக்கை அனுப்பியுமிருந்தது. மூக்கு மேலே போனால் இழுவை இன்னும் கூடும், வேகம் இன்னும் குறையும்.

இறக்கைக்கு ஆன்டி-ஐஸ் இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அது பறக்கும்போது முன்விளிம்பில் படிவதைத் தடுப்பதற்கு அமைத்தது. தரையில், ஐட்லில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓடும் இன்ஜினிலிருந்து வரும் காற்றில் அவ்வளவு சூடு இல்லை. காற்றோட்டம் இல்லாமல் நிற்கும் தகட்டை அதிகம் சுடவைத்தாலும் கெடும். ஏ320-இல் தரையில் அந்த ஸ்விட்சைப் போட்டால் 30 வினாடி சோதனைக்குத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். மேலும் அது சுடவைப்பது முன்விளிம்பை மட்டும். மேல்பரப்பு முழுக்கக் கிடக்கும் பனிக்கு அதனால் பயனில்லை. தரையில் இறக்கைக்குத் திரவம்தான் பாதுகாப்பு. ஏர் ஃபுளோரிடா 90 ஓடத் தொடங்கியபோது அந்தத் திரவம் அடித்து 49 நிமிடம் ஆகியிருந்தது.

இரண்டும் சேர்ந்தபோது

எது கொன்றது, இன்ஜின் பக்கத்து ஐஸா, இறக்கைப் பக்கத்து ஐஸா என்று விவாதிப்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு உதவும். எந்தப் பயணிகள் ஜெட்டும் டேக்ஆஃபை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டிய வேகத்தைத் தாண்டியபின் ஒரு இன்ஜின் செத்தாலும் மற்றொன்றைக் கொண்டு ஏறியாக வேண்டும். அப்படி நிரூபித்தால்தான் சான்றிதழ். இந்த 737-இல் ஒரு முழு இன்ஜின் என்றால் 14,500 பவுண்டு. அன்று குறைந்த சக்தியில் ஓடிய இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து தந்தது 21,500 பவுண்டு. ஆக, இறக்கை சுத்தமாக இருந்திருந்தால் அந்தக் குறைந்த சக்தியிலும் விமானம் ஏறியிருக்கும். மறுபக்கம், இறக்கை அசுத்தமாக இருந்து இன்ஜின் முழுச் சக்தி தந்திருந்தால், 7,500 பவுண்டு கூடுதல் உந்துவிசை இழுவையை எதிர்த்துப் போராடியிருக்கும். தப்பித்திருக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போராட ஏதோ இருந்திருக்கும்.

அதனால்தான் லீவர் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்டிக் ஷேக்கர் உதறும்போதும், விமானம் கீழே இறங்குகிறது என்று துணை பைலட் சொல்லும்போதும், அந்த லீவர்கள் உடனே முழுவதுமாக முன்னால் போகவில்லை. மீட்டர் 2.04-இல் நிற்கிறது. அதைத் தாண்டித் தள்ளினால் இன்ஜின் கெடும் என்பது பயிற்சி. உயிர் போகும் நேரத்தில் இன்ஜினைப் பார்க்க வேண்டியதில்லை என்று இப்போது சொல்வது எளிது. அந்தச் சில வினாடிகளில் அவர்களின் உலகத்தில் இன்ஜின் ஏற்கெனவே முழுச் சக்தியில் இருந்தது.

வாரியத்தின் முடிவில் மூன்று முதன்மைக் காரணங்கள்: தரையிலும் டேக்ஆஃபிலும் இன்ஜின் ஆன்டி-ஐஸ் போடாதது, இறக்கையில் பனியோடு கிளம்பியது, மீட்டர் அளவு சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது என்று சொல்லப்பட்டும் ஆரம்பத்திலேயே ஓட்டத்தை நிறுத்தாதது. டி-ஐசிங்குக்கும் கிளம்புவதற்கும் இடைப்பட்ட நீண்ட காத்திருப்பு, 737-இன் மூக்குத் தூக்கும் குணம், பைலட்டுகளின் குளிர்கால அனுபவக் குறைவு ஆகியவை துணைக் காரணங்கள்.

ஆற்றில் நடந்ததை ஒரு பத்தியாவது சொல்லாமல் போகக்கூடாது. வால் பகுதியைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் மிதந்தார்கள். பார்க் போலீஸ் ஹெலிகாப்டர் கயிறு இறக்கியபோது ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்ற பயணி அதை மீண்டும் மீண்டும் மற்றவர்களுக்கே கொடுத்தார். ஹெலிகாப்டர் அவருக்காகத் திரும்பி வந்தபோது அவர் இல்லை. விமானம் மோதிய பாலத்துக்கு இப்போது அவர் பெயர். கரையில் நின்ற அரசு ஊழியர் லெனி ஸ்கட்னிக், கயிற்றைப் பிடிக்கத் தெம்பில்லாமல் மூழ்கிய பெண்ணை நீரில் குதித்து இழுத்து வந்தார்.

அதற்குப் பிறகு

பாடம் உடனே பதிந்ததா? வருத்தத்தோடு சொல்ல வேண்டும், இல்லை. 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடனில் ஒரு ஃபோக்கர் எஃப்-28 இறக்கையில் பனியோடு கிளம்பி விழுந்து 24 பேர் இறந்தார்கள். 1992 மார்ச் 22 அன்று நியூயார்க் லாகார்டியாவில் இன்னொரு எஃப்-28. அது இரண்டு முறை டி-ஐசிங் செய்து, அதன்பின் சுமார் 35 நிமிடம் காத்திருந்து கிளம்பியது. 27 பேர் இறந்தார்கள். பத்தாண்டு இடைவெளியில் அதே திரவம், அதே காத்திருப்பு.

லாகார்டியாவுக்குப் பிறகுதான், அந்த ஆண்டு இறுதியில், அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் அங்கீகரிக்கப்பட்ட தரை டி-ஐசிங் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒவ்வொரு திரவத்துக்கும், ஒவ்வொரு வானிலைக்கும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற ஹோல்டோவர் அட்டவணை இன்று பைலட்டின் கையில் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் வரும் டைப் 1 திரவம் இருக்கும் ஐஸை அகற்றும். மிதமான பனிப்பொழிவில் அதன் பாதுகாப்பு பத்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். அதன்மேல் அடிக்கும் பச்சை நிற டைப் 4 கெட்டியானது. விழும் பனியைத் தன்னுள் உருக்கி வைத்துக்கொண்டு, விமானம் ஓடும்போது காற்றில் வழிந்து இறக்கையை விட்டுப் போய்விடும். கலவை, இரு பக்கமும் ஒரே முறை, முடித்த நேரம், எல்லாம் பைலட்டுக்குச் சொல்லப்பட வேண்டும். பெரிய நிலையங்கள் பலவற்றில் டி-ஐசிங் இடத்தையே ஓடுபாதை முனைக்கு அருகில் கொண்டுபோய்விட்டார்கள். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க இதைவிட நேரான வழி இல்லை.

இன்ஜின் பக்கம், பல புதிய இன்ஜின்கள் என்1-ஐயே முதன்மை அளவாக எடுத்துக்கொண்டன. இபிஆர் வைத்து ஓடும் இன்ஜின்களிலும், உதாரணமாக ஏ320-இல் வரும் வி2500-இல், கட்டுப்பாட்டுக் கணினி இபிஆர் கெட்டது என்று கண்டால் அதை விட்டுவிட்டு என்1 முறைக்கு மாறிக்கொள்ளும். துணை பைலட் கேள்வி எழுப்பினால் கேப்டன் நின்று கேட்க வேண்டும் என்ற பயிற்சி வகுப்புகளில் இந்தக் குரல் பதிவு பல ஆண்டுகளாகப் பாடமாக இருந்து வருகிறது.

ஆன்டி-ஐஸ் ஸ்விட்ச் மட்டும் பெரிதாக மாறவில்லை. 737-இலும் ஏ320-இலும் இன்ஜின் ஆன்டி-ஐஸை இன்றும் கையால்தான் போட வேண்டும். போயிங் 777-இல் உறைபனியைத் தானாகக் கண்டுபிடித்துத் தானாகவே ஆன் ஆகும் வசதி உண்டு. ஆனால் அது வேலை செய்வது வானத்தில் மட்டும். தரையில், இன்ஜின் கிளம்பியதும், வெளியே பனி பெய்தால், பைலட்தான் கை நீட்டி அந்த ஸ்விட்சை ஆன் செய்ய வேண்டும்.